பார் இருக்கா, இல்லையா?

போன திங்கட்கிழமை காலை. பள்ளத்தூரில் மெய்யம்மை ஆச்சி வீட்டு ஹால். அங்கே இருந்தவர்கள் —

ஒன்று, மெய்யம்மை ஆச்சி. எங்கள் சங்கத்தின் தலைவர்.

இரண்டு, பாத்திமுத்து. செயலாளர். மண்டபம் என்கிற ஊருக்குப் பக்கத்தில் வடகடல் ஓரத்து ஊர். ரயிலில் கருவாடு கொண்டுவந்து காரைக்குடிச் சந்தையில் விற்கிறவர்.

மூன்று, சாமிநாதன். காரைக்குடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருப்பவர். சங்கத்துக்கு மனு அடித்துத் தருவார்.

நான்கு, நான். லாரி டிரைவர். மனுவோடு அலைகிற வேலை என்னுடையது.

ஐந்து, ஒரு ஏட்டு. கூப்பிடாமல் வந்தவர். மதுவிலக்குப் பிரிவு.

கடலைக் காப்பாற்றுகிற சங்கத்தில் மதுவிலக்கு ஏட்டுக்கு என்ன வேலை? சொல்கிறேன். காரைக்குடிப் பக்கம் கடல் ஏது என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

நான் ஆறு வருஷம் கடல் கல் ஏற்றினேன். மண்டபம் பக்கத்திலிருந்து சுண்ணாம்புக் காளவாய்களுக்கு. வேக வைத்தால் சுண்ணாம்பாகிறது. கல்தானே? அப்படித்தான் நினைத்தேன். போன வருஷம் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தியிருந்தேன். கூடையோடு வந்த ஒரு பெண் லோடைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கல்லை உருவி எடுத்து வந்து என் டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தார்.

“என்னண்ணே ஏத்திட்டுப் போறீக?”

“கல்லு.”

“கல்லா? மோந்து பாருங்க.”

மோந்தேன். கவிச்சி அடித்தது. ஓட்டைக்குள்ளிருந்து நகத்தளவு நண்டு ஒன்று எட்டிப் பார்த்தது.

“இது பாருண்ணே. மீனு குடியிருக்கிற வீடு. வீட்டைப் பேத்து லாரியில ஏத்திட்டுப் போறீக. நாங்க எங்குட்டுப் போயி வலை போடுறது?”

அவர்தான் பாத்திமுத்து. அடுத்த மாதம் அந்த லோடை விட்டேன். இப்போது நெல் ஏற்றுகிறேன்.

‘பார்’ என்பது அந்தக் கரையில் எல்லோரும் சொல்கிற சொல். கடலுக்கு அடியில் பவளப்பூச்சி கட்டிய கல்மேடு. மீன் அங்கேதான் கூடும், குஞ்சு பொரிக்கும். பாத்திமுத்து வீட்டுக்காரர், இரண்டு கொழுந்தன்மார்… மூன்று பேருக்கும் அந்த ஒரு பார்தான் தொழில். அதைக் கல் வெட்ட ஏலம் விடப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். ஏலம் எடுக்க வந்த காண்டிராக்டர் ஒரு கடிதமும் கொடுத்திருந்தார். ‘அங்கே பார் எதுவும் இல்லை, செத்த கல்தான் கிடக்கிறது’ என்று.

அதனால் சங்கம் ஆரம்பித்தோம். இடம் கொடுத்தது ஆச்சி. பெரிய வீட்டுக்காரருக்கு எதற்கு இந்த வம்பு? நானே கேட்டேன்.

“இந்தச் சுவரு கண்ணாடி மாதிரி இருக்கே… எந்தக் கடல்லேருந்து வந்த சுண்ணாம்புன்னு எனக்குத் தெரியாதா? பூசியாச்சு. இனிமே வேணாம்னு சொல்லலாம்ல?” என்றார்.

பெயர் வைக்கும்போது ஒரு தகராறு. ‘பவளப்பாறை’ என்று போடலாம் என்றார் சாமிநாதன். ஆச்சி விடவில்லை.

“அதை வச்சுப் பொழைக்கிறவுக என்ன சொல்றாகளோ அதான் பேரு.”

‘பார் பாதுகாப்புச் சங்கம்’ ஆயிற்று. ரப்பர் ஸ்டாம்ப்பும் செய்தோம். பாத்திமுத்து சொல்லச் சொல்ல சாமிநாதன் மனுவை அடித்தார். கரையோரப் பெண்கள் கைநாட்டு வைத்தார்கள். கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்பினோம். எங்கள் ராமநாதபுரம் ஜில்லாவுக்குக் கலெக்டர் ஆபீஸ் இருப்பது மதுரையில் — அங்கேயும் கடல் கிடையாது.

ஒரு மாதம் பதில் இல்லை. ஏலம் புதன்கிழமை. திங்கட்கிழமை ஏட்டு வந்து நிற்கிறார்.

“இங்க யாரு பாரு நடத்துறது?”

“எதைப் பாக்கணும்?” என்றார் ஆச்சி.

“பாக்குறது இல்ல ஆச்சி. பாரு. குடிக்கிற பாரு.”

கலெக்டர் ஆபீஸ் விசாரிக்கச் சொல்லி அனுப்பிய எங்கள் மனுவை ஏட்டு பையிலிருந்து எடுத்து உரக்கப் படித்தார்.

“‘எங்கள் ஊர்ப் பாரை அழிக்கக் கூடாது. எங்கள் ஆண்கள் விடியற்காலை எழுந்ததும் பாருக்குத்தான் போகிறார்கள். பாட்டன் காலத்திலிருந்து பாரை நம்பித்தான் குடும்பம் நடக்கிறது. பார் போனால் நாங்கள் பட்டினி…’” நிமிர்ந்து பார்த்தார். “சாராயக் கடையெல்லாம் மூடி எம்புட்டு நாளாச்சு? இதுல பொம்பளைக கைநாட்டு வேற!”

பாத்திமுத்து சாமிநாதன் பக்கம் திரும்பினார்.

“பாவி மனுசா! எங்க வீட்டு ஆம்பளைகளக் குடிகாரனுகளா ஆக்கிட்டீகளே! அஞ்சு வேளையும் தொழுகிற மனுசன்!”

“நீங்க சொன்னதத்தானேக்கா அடிச்சேன்? ஒரு எழுத்துக் கூட்டல, கொறைக்கல.”

“கடலுன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்ல?”

“நீங்க சொல்லலயே.”

“பாரு கடல்ல இல்லாம கம்மாயிலயா இருக்கும்? அதையுமா சொல்லுவாக?”

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது நியாயம். நம்மில் யாராவது ‘வயலில் விளைந்த நெல்’ என்று சொல்கிறோமா? நம் ஊரில் எது எல்லோருக்கும் தெரியுமோ, அதைத்தான் வெளியூர்க்காரனிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

ஏட்டுக்குச் சந்தேகம் போகவில்லை. மூலையைக் காட்டினார்.

“அந்த ஜாடியில என்ன?”

“மாவடு. உள்ள ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டெல்லாம் இருக்கு. தேடுறதுன்னா தேடுங்க. சாயங்காலம் ஆயிரும்,” என்றார் ஆச்சி.

ஏட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் கதவு போய்க்கொண்டே இருந்தது. உட்கார்ந்துவிட்டார். பாத்திமுத்து அவருக்குப் பாரை விளக்கினார். மீன், முட்டை, வலை, காண்டிராக்டர்… கேட்டு முடித்ததும் ஏட்டு வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனுஷன்.

“சரி விடுங்க. ‘விசாரித்ததில் பார் எதுவும் இல்லை’ன்னு ஒரு வரி எழுதி மதுரைக்கு அனுப்பிருவேன். உங்களுக்கும் தொந்தரவு இல்ல, எனக்கும் தொந்தரவு இல்ல.”

பேனாவைத் திறந்தார்.

சர்க்கார் பேப்பரில், கையெழுத்தோடு, ‘பார் எதுவும் இல்லை’! காண்டிராக்டர் தவம் கிடந்தாலும் இப்படி ஒரு வரி கிடைக்குமா?

பாத்திமுத்து எழுந்தே விட்டார்.

“அப்பிடி எழுதாதீக! பாரு இருக்கு!”

“இருக்குன்னு எழுதுனா உங்களப் புடிக்கணும்மா.”

“புடிங்க. இருக்குன்னு எழுதிட்டுப் புடிங்க.”

“என்னையும் சேத்துக்கங்க. தலைவரு நாந்தேன்,” என்றார் ஆச்சி.

சாமிநாதன் மட்டும் வாசல் பக்கம் நகர்ந்து நின்றார். இன்ஸ்டிட்யூட்டில் பரீட்சை நேரம். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஏட்டு என்னைப் பார்த்தார். “டிரைவரே, நீங்களாச்சும் புத்தியாச் சொல்லுங்க. இருக்கா, இல்லையா?”

“இருக்கு. நானே ஏத்தியிருக்கேன்.”

“எதை?”

“பாரை. ஆறு வருஷம்.”

ஏட்டு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஆச்சி காப்பி கொண்டுவரச் சொன்னார். குடித்தார். பிறகு நிதானமாக எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார் —

‘விசாரித்ததில் மனுவில் கண்ட பார் இருப்பது உண்மை. மேற்படி பார் கடலுக்கு அடியில் இருப்பதால் என்னால் நேரில் சென்று பார்வையிட இயலவில்லை. மேலதிகாரிகள் படகில் சென்று பார்வையிட வேண்டியது.’

“ஒரு பொய்யும் இல்லையே?” என்று எங்களிடமே கேட்டார்.

தபாலில் போட்டால் புதன்கிழமைக்குள் போய்ச் சேராது. எனக்கு மறுநாள் மதுரைக்கு நெல் லோடு இருந்தது. கவரை ஒட்டி, அரக்கு வைத்து, என் கையில் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை கலெக்டர் ஆபீஸ். கிளார்க் ஒரு தரம் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். எழுந்து உள்ளே போனார். நான் வராந்தாவில் நின்றேன். உட்காரப் பெஞ்சு இருந்தது. உட்கார முடியவில்லை. போர்டில் ஏல நோட்டீஸ் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது… அதையே பார்த்துக்கொண்டு மத்தியானம் வரை நின்றேன்.

இரண்டு மணிக்குப் பியூன் வந்தார். அதன் மேல் ஒரு துண்டுத்தாளை ஒட்டினார். ‘மதுவிலக்கு விசாரணை நிலுவையில் உள்ளதால், நாளை நடக்க இருந்த ஏலம் நாளை முதல் பதினைந்து நாட்களுக்கு ஒத்திவைக்கப்படுகிறது. அதற்குள் பார்வையிட்டு அறிக்கை வராவிட்டால் ஏலம் நடக்கும்.’

ஏலம் மீனுக்காக நிற்கவில்லை. கைநாட்டு வைத்த பெண்களுக்காக நிற்கவில்லை. சாராயச் சந்தேகத்துக்காக நின்றது! சர்க்காருக்குப் புரிகிற பாஷையை நாங்கள் தெரியாமல் பேசியிருக்கிறோம்.

அன்றைக்கே மண்டபத்துக்கு வண்டி பிடித்துப் போய்ப் பாத்திமுத்துவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கடலைப் பார்த்தார்.

“காத்து எறங்கலண்ணே. இந்தக் காத்துல ஆபீஸருமாரு படகுல ஏறுவாகளா?”

அதிகாரி படகில் ஏற வேண்டும். பாரைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும். மூன்றும் நடக்க வேண்டும். காண்டிராக்டரின் ஆட்கள் இப்போதே கடப்பாரையோடு கரையில் வந்து தங்கிவிட்டார்கள். சீட்டாடுகிறார்களாம். அவர்களுக்கு என்ன அவசரம்?

புது மனு அடித்தாயிற்று. இந்த முறை வரிக்கு வரி ‘கடல்’ போட்டிருக்கிறார் சாமிநாதன். வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை போய்க் கேட்டேன். நேற்றும் கேட்டேன். ‘பார்க்கலாம்’ என்கிறார்கள்.

இன்று ஞாயிறு. காற்று இறங்கவில்லை. பதினைந்தில் நான்கு போய்விட்டது.

மீதி, பதினொன்று.