மூணு தடவை சார்

டிக்டேஷன் வாக்கியம் எதுவானாலும் இங்கிலீஷ் சார் மூன்று தடவை சொல்வார். முதல் தடவை முழுசாக, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. இரண்டாம் தடவை துண்டு துண்டாக, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தபடி. மூன்றாம் தடவை கடைசி வார்த்தையோடு சாக்பீஸால் மேஜையில் ஒரு தட்டு. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘மூணு தடவை சார்’. அவருக்கும் தெரியும்; தெரியாதவர் போல இருந்துகொள்வார்.

மொழி வகுப்பு என்பது ஒரே கூடம், நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு. ஏழாம் வகுப்பில் பாதி இந்தப் பக்கம் அவரிடம். பாதி அந்தப் பக்கம், இந்த வருஷம் வந்த பிரெஞ்சு மிஸ்ஸிடம். மறுநாள் இடம் மாறும். பலகை கண்ணைத்தான் மறைத்தது, காதை இல்லை. சார் தட்டி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் கொல்லென்று சிரிப்பு. அவரிடம் இருந்த பிள்ளைகள் டிக்கெட் கிடைக்காதவர்கள் தியேட்டர் கதவைப் பார்ப்பது போலப் பலகையைப் பார்ப்பார்கள். சாருக்கு வயிறு எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? அடுத்த வருஷம் எட்டாம் வகுப்புக்கு மாலைப் பேச்சு வகுப்பு ஒன்றுதான் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். இங்கிலீஷா, பிரெஞ்சா, பிள்ளைகளே கை தூக்கட்டும். இத்தனை நாள் அது சாருடைய வகுப்பு. புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளோடு வாயாரப் பேச அவருக்கு வாய்த்த ஒரே நேரம்.

“நீங்களும் ஏதாவது ஜோக் சொல்லுங்களேன்” என்றாள் மனைவி.

“நீ என் ஜோக்குக்குச் சிரிச்சிருக்கியே!”

“கல்யாணமான புதுசுல. அதுவும் மரியாதைக்கு.”

அந்த வாரம் டிக்டேஷனை மூட்டை கட்டினார். கையில் பழைய காலுறையை மாட்டி, நரி என்று சொல்லி, கதை நடித்தார். பிள்ளைகள் நரிக்காக இல்லாவிட்டாலும் அவருக்காகப் புன்னகைத்தார்கள். ஆனால் அதிசயம், அந்தப் பக்கம் மூச்சுப் பேச்சில்லை! மிஸ்ஸுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. சாருக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஆசிரியர் அறையில் மிஸ் தயங்கியபடி வந்தாள். “சார், உடம்பு ஏதாவது சரியில்லையா?”

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்.”

“இல்ல... இந்த வாரம் டிக்டேஷன் குரலே கேக்கலையேன்னு...”

“உங்களுக்குக் கேக்கணும்னு ஏதாவது கட்டாயமா மிஸ்?”

வெடுக்கென்று வந்துவிட்டது. மிஸ் டீ தம்ளரை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஹெட்மாஸ்டர் கேட்டார். இங்கிலீஷுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள். பிரெஞ்சுக்குக் காடு மாதிரி. சாரும் எல்லோரோடும் கைதட்டினார். சாக்பீஸ் தூள்தான் பறந்தது.

சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவரை முன்பெஞ்சுப் பெண் வழிமறித்தாள்.

“சார், திங்கக்கிழமை டிக்டேஷன் உண்டா?”

“உனக்கெதுக்கு? நீதான் பிரெஞ்சுக்கு ரெண்டு கையும் தூக்கினியே.”

“டிக்டேஷன் இல்லாம பிரெஞ்சு எப்படி சார்?”

சார் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டார்.

“நீங்க முதல் தடவை சொன்னதும் மிஸ் தடுப்புப் பலகைப் பக்கம் கையைக் காட்டுவாங்க. மூணாவது தடவை தட்டுறதுக்குள்ள அதையே நாங்க பிரெஞ்சுல சொல்லணும். உளறினா ஒரே சிரிப்புத்தான். ‘என் மாமாவோட மாடு பேங்க் வாசல்ல படுத்திருக்கு’ன்னு இங்கிலீஷ்ல சொன்னீங்களே, அன்னைக்கு மிஸ்ஸே உளறிட்டாங்க சார்.”