மரத்தவளைக்குப் பெட்டி செய்தோம்

ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தபோது எங்கள் குளியலறையில் ஒரு மரத்தவளை இருந்தது. யாரும் கொண்டுவந்து விட்டதில்லை. ஒரு மழைக்கு ஒதுங்க வந்து, அப்படியே தங்கிவிட்டது. களிமண் நிறம். உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு. ஒவ்வொரு விரல் நுனியிலும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாற்போல் ஒரு சின்ன வட்டம். அதை வைத்துத்தான் வழவழப்பான சுவரில்கூட விழாமல் ஏறும். அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் பல் தேய்க்கப் போனால் சீக்கிரம் வரமாட்டாள். தவளையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அந்த வருடம் குவார்ட்டர்ஸுக்கெல்லாம் வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். சுண்ணாம்பு பட்டால் நம் கையே எரியும். தவளைக்கு இருப்பதோ ஈரத்தோல். மகள் கையை நனைத்துக்கொண்டு அதைப் பிடித்து, ஒரு வாளியில் விட்டு, மேலே மெல்லிய துணியைக் கட்டி என்னிடம் தூக்கி வந்தாள். இதை நாமே வளர்க்கலாமா என்று கேட்டாள்.

நான் சரி என்றேன். அவள் அம்மா சரி என்று சொல்லவில்லை. வீட்டில் தவழ்கிற வயதில் மகனும் இருந்தான். தேரை மேலே குதித்தால் குழந்தை மெலிந்துபோகும் என்று பக்கத்து வீடுகளில் சொல்லிவிட்டார்கள். என் மனைவி அதை முழுக்க நம்பவும் இல்லை, நம்பாமல் விடவும் இல்லை. கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"அது வெளியே வரக் கூடாது. அதுக்காகப் பட்டினியும் கெடக்கக் கூடாது, அந்தப் பாவம் எனக்கு வேணாம். ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். ஒழுங்கா சாப்பிடலைன்னா ஏரிக்கரையில விட்டுட்டு வந்துடுங்க."

ஏரிக்கரையில் கொக்குகள் வரிசையாக நிற்கும். மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

நான் ஃபிட்டர். அளவு எடுத்து வேலை செய்கிறவன். மரக்கடையில் பழைய பேக்கிங் பெட்டிப் பலகை வாங்கி இழைத்தேன். முன்பக்கம் நீளத்துக்கும் கண்ணாடி. மேலே கீல் வைத்த மூடி, அதில் காற்று போக வலை. கம்பி வலை மூக்கைக் கிழித்துவிடும் என்று நைலான் கொசுவலையாகப் போட்டேன். வார்னிஷ் வெளிப்பக்கம் மட்டும். அதையும் வாசனை போகும்வரை வெயிலில் வைத்தேன். ஜன்னலில் வைக்கும் மீன்தொட்டி மாதிரி, நீளமாக, உயரம் குறைவாக, அழகாக வந்தது.

ஃபேக்டரியில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் பக்கத்துக் கிராமத்திலேயே பிறந்து வளர்ந்தவர். சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, தவளைக்கு ஊடு கட்டிகினு கீறியா? ஒன் குவார்ட்டர்ஸே ஒழுவுது, மொதல்ல அத்த பாரு."

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் அந்தப் பெட்டியைப் பற்றி எனக்குப் பெருமைதான்.

உள்ளே ஈர மண்ணும் தேங்காய் நாரும் பரப்பினோம். தண்ணீருக்குக் கொட்டாங்குச்சி. குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை வரும் என்பதால், வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுத்தான் ஊற்றினோம். தவளை செத்த பூச்சியைத் தொடாது, அசைவதைத்தான் பிடிக்கும். அதனால் வராந்தா டியூப்லைட்டுக்கு வரும் அந்துப்பூச்சிகளை மகள் உயிரோடு பிடித்து உள்ளே விட்டாள்.

தவளை ஒரு மூலையில் மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கொண்டது. காலையில் பார்த்தால் பூச்சிகள் விட்டது விட்டபடி கிடந்தன. மறுநாளும் அப்படித்தான். அதன் நிறமே கறுத்துவிட்டது. மூடியைத் தூக்கும்போதெல்லாம் மேலே பார்த்து எம்பிக் குதிக்கப் பார்த்தது. என் மனைவி தினமும் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு அதுவே பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வந்ததும் மகள் என் கையைப் பிடித்துக் குளியலறைக்கு இழுத்துப் போனாள். தவளை வழக்கமாக உட்காரும் இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். வென்டிலேட்டர் விளிம்பு. ஃபிளஷ் தொட்டியின் பின்பக்கம். கதவின் மேல்கட்டை. எல்லாமே அவள் தலைக்கு மேலே.

"அது தரையில உக்காந்து நீங்க எப்பவாவது பாத்திருக்கீங்களாப்பா? பெட்டியை நிக்க வைங்க."

நான் யோசித்தேன். நிமிர்த்தினால் மூடி பக்கவாட்டுக் கதவாகிவிடும், கீல் மாற வேண்டும், மண்ணைத் தாங்கக் கீழே தடுப்பு அடிக்க வேண்டும். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த பெட்டி மருந்துக்கடை அலமாரி மாதிரி ஆகிவிடுமே என்றும் இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் பிசகில்லை. மரத்தில் வாழும் பிராணிக்கு நான் தரைவீடு கட்டியிருந்தேன்.

அன்றைக்கே தவளையை வாளிக்கு மாற்றிவிட்டுப் பெட்டியைப் பிரித்தோம். அவள் ஆணி எடுத்துக் கொடுக்க, நான் அடித்தேன். நிமிர்ந்து நின்ற பெட்டிக்குள் ஒரு கொய்யாக் கிளையைச் சாய்வாகக் கட்டினோம். ஹாலில் பாட்டிலில் வளர்த்த மணி பிளான்ட்டை அப்படியே உள்ளே வைத்து, கொடியைக் கிளைமேல் ஏற்றிவிட்டோம். எதை எங்கே வைப்பது என்று அவள்தான் சொன்னாள்.

தவளையை விட்டதும் அது கீழே தங்கவே இல்லை. கண்ணாடி வழியாகவே ஏறி, கிளையின் உச்சிக்குப் போய், இலைக்கு அடியில் காலை மடக்கிக்கொண்டது. சனிக்கிழமை காலையில் பார்த்தபோது பழைய களிமண் நிறம் திரும்பியிருந்தது. ஆனால் பூச்சிகள் அப்படியே இருந்தன.

அன்று சாயங்காலம் நல்ல மழை. மழை விட்டதும் வராந்தா விளக்கைச் சுற்றி ஈசல். மகள் ஒன்றைப் பிடித்து உள்ளே விட்டு, ஹால் விளக்கை அணைத்தாள். வராந்தா வெளிச்சம் மட்டும் பெட்டிமேல் விழுந்தது. என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். ஈசல் கண்ணாடியில் படபடத்தது. தவளை தலையை மட்டும் திருப்பியது. அப்புறம் ஒரே தாவல். வாய் ஓரத்தில் ஒரு சிறகு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. விழுங்கும்போது அதன் கண்கள் இரண்டும் உள்ளே அமுங்கி வெளியே வந்தன.

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணு எந்த மூலைக்கு? இன்னும் ரெண்டு புடிச்சிட்டு வா," என்றாள் அவள் அம்மா.

மறுநாள் அந்தச் சைக்கிள்காரர் தன் வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சோக்கா கீது அண்ணாத்தே, ஃபேக்டரில கூட நீ இப்டி ஒர்க் பண்ணி நான் பாத்ததில்ல," என்றார். நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"யோசனையெல்லாம் எங்க பொண்ணுது. அவரு ஆணி அடிச்சாரு."