திராட்சைப் பந்தலில் சிக்கிய அமெரிக்கக் கேசட்

உலக ராக் இசை ரசிகர்களின் கனிவான கவனத்திற்கு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ‘மஃப்ளர் ஆர்ச்சர்ட்’ இசைக்குழுவின் முதல் கேசட், இன்று சனிக்கிழமை பகல் பதினொன்றே முக்காலுக்கு, தேனி மாவட்டம் ராயப்பன்பட்டி அருகே ஒரு திராட்சைத் தோட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை. சில மைனாக்களுக்கு மட்டும் மன உளைச்சல். கண்டுபிடித்தவர், அடியேன்.

மஃப்ளர் ஆர்ச்சர்ட் யாரென்று தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். இந்த மாவட்டத்திலேயே அவர்கள் வரலாறு முழுசாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் ஓர் அண்ணனும் தங்கையும் தொடங்கிய குழு. அண்ணன் கிட்டார், தங்கை பாட்டு, பக்கத்து வீட்டுக்காரன் டிரம்ஸ். பெரிய கம்பெனி எதுவும் சீண்டாததால் கேசட்டைத் தாங்களே பதிவு செய்து, சந்தையில் மேஜை போட்டு விற்றார்கள். இரண்டாவது கேசட்டுக்குப் பாடி முடித்த மூல நாடா திடீரென்று காணாமல் போனது. நீதான் தொலைத்தாய் என்று அண்ணன், நீதான் என்று தங்கை. குழு உடைந்தது. பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் டிரம்மர் கடிதம் போட்டார்: அந்த நாடாவின் மேல் கால்பந்து வர்ணனையைப் பதிவு செய்து தொலைத்தது அவர்தானாம். பதினோரு வருஷமாகப் பயத்தில் வாயைத் திறக்கவில்லையாம். இப்படி ஒரு கோழையை நான் கேள்விப்பட்டதே இல்லை.

சரி, பயணத்துக்கு வருகிறேன். ராயப்பன்பட்டியில் என் பெரியம்மா வீடு. பெரியம்மாவுக்கு ஸ்டெல்லா அக்கா, அருள் அண்ணன் என்று இரண்டு பேர். கான்வென்டில் ஒரு வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஓர் அமெரிக்கப் பெண் ஊருக்குத் திரும்பும்போது அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போனதுதான் அந்தக் கேசட். போன மே மாதம் அது காணாமல் போனது. அருள் அண்ணன்தான் எடுத்தார் என்று அக்கா முடிவே கட்டிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசுவதில்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, “அம்மா, உங்க மகன் ரசச் சட்டிய இங்கன தள்ளுவாராமா?” என்பது அக்கா. “உங்க மகளுக்குக் கை இருக்குல்லம்மா?” என்பது அண்ணன். நடுவில் பெரியம்மா ரசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தபால்காரர் மாதிரி அலைவார்.

இதில் அண்ணனுக்குக் கல்யாணம் வேறு நிச்சயமாகிவிட்டது. எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம் என்று. இரண்டு ஓலை முடிந்தது. மூன்றாவது நாளைக் காலை. கேசட் வராவிட்டால் ‘மாப்பிள்ளை திருடன்’ என்று எழுதிக் கொடுப்பேன், கல்யாணத்துக்கும் வரமாட்டேன் என்று அக்கா சபதம். அண்ணன் அக்காவுக்கென்று வாங்கிய பட்டுச்சேலை பிரிக்கப்படாமல் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. ஓலை ஓலமாவதற்குள் நாடாவை நாடிப் புறப்பட்டேன்.

காலை 6.40. வடுகபட்டியிலிருந்து பெரியகுளத்துக்கு ஷேர் ஆட்டோ, 4 கிலோமீட்டர், இருபது ரூபாய். எங்கள் ஊர் பூண்டுக்குப் பேர் போனது. ஆட்டோவில் சீட்டெல்லாம் பூண்டு மூட்டை உட்கார்ந்திருந்ததால் நான் மூட்டை மேல் உட்கார்ந்தேன். தேனி பஸ்ஸில் (பதினைந்து ரூபாய்) பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஜன்னல் சீட்டு வேண்டுபவர்கள் இந்த முறையைப் பின்பற்றலாம். தேனியில் 8.25-க்குக் கம்பம் பஸ். உத்தமபாளையம் முப்பது கிலோமீட்டர் சொச்சம், இருபத்தெட்டு ரூபாய். சின்னமனூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை நெருங்கிவரும், வயல் பச்சை கண்ணில் அடிக்கும். இடப்பக்கம் உட்காருங்கள். வலப்பக்கம் வெயில் அடிக்கும் என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் எனக்கு அடித்தது இடப்பக்கம்தான்.

உத்தமபாளையத்தில் 10.05-க்கு டவுன் பஸ். கண்டக்டரிடம், “அண்ணே, ஒரு குடும்பத்தச் சேத்து வைக்கப் போறேன். பொதுநலம். டிக்கெட்டு உண்டா?” என்று கேட்டேன்.

“பொம்பளையாளுகளுக்கு ஃப்ரீ. பொதுநலத்துக்கு இன்னும் ஆர்டர் வரல. பத்து ரூவா எடு” என்றார்.

ராயப்பன்பட்டியில் இறங்கி, பெரியம்மா வீட்டுப் பக்கமே திரும்பாமல், நேராக இரண்டு கிலோமீட்டர் நடந்து, ராசு மாமாவின் திராட்சைத் தோட்டத்துக்குப் போனேன். அந்தத் தோட்டம்தான் என்று எனக்கு எப்படித் துப்புக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். தொழில் ரகசியம்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: திராட்சை பழுக்கும்போது மைனாவும் கிளியும் வராமலிருக்க, இங்கே பழைய கேசட் நாடாவை உருவிப் பந்தலைச் சுற்றிக் கட்டுவார்கள். காற்றடித்தால் அது மினுங்கும், ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் போடும். ராசு மாமா ஒவ்வொரு காய்ப்புக்கும் நாலைந்து கேசட் பயன்படுத்துவார். வடக்கு ஓரத்துத் தூணில் பாதி காலியான கேசட் ஒன்று தொங்கியது. மேலே அக்கா கையெழுத்து. மிச்சப் பாதி பந்தலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

“ஏலே, அதையா கேக்குற? போன வாரந்தான் கட்டுனேன். மத்த நாடாவுக்கு மைனா ஒரு நாளைக்கு மட்டும் பயப்படும். இந்த வெள்ளைக்காரப் பாட்டுக்கு இந்தத் தெசைக்கே வர மாட்டேங்குதுகடா” என்றார் மாமா.

“மாமா, இது யாரு குடுத்தாக?”

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒரு பய. சாக்குல கொண்டாந்தான்” என்று சொல்லிவிட்டு மீசைக்குள் சிரித்தார். முக்கியமான சாட்சிகள் எப்போதும் இப்படித்தான், ஒத்துழைக்க மாட்டார்கள்.

அறுபது நிமிடக் கேசட்டில் நாடா ஏறக்குறைய தொண்ணூறு மீட்டர் வரும். அதில் பாதியை, முறுக்கு எடுத்து, கொடியில் சிக்கியதை விடுவித்து, கேசட் ஓட்டையில் பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி ஏற்ற இரண்டே கால் மணி நேரம் ஆனது. நான் முன்னால் பென்சில் சுற்ற, மாமா பின்னால் நாடாவைத் தாங்கிக்கொண்டு வந்தார், கல்யாணப் பெண்ணின் அங்கியைத் தூக்கி வருகிற மாதிரி. மூன்றாவது சுற்றில், “இவுகளுக்கு அங்கன நல்ல பேராடா?” என்று கேட்டார். “இல்ல மாமா, யாருக்குமே தெரியாது” என்றேன். “அப்ப இங்கனயே இருந்திருக்கலாம். மருவாதி இருந்துச்சு” என்றார்.

இரண்டரை மணிக்குப் பெரியம்மா வீட்டில் டேப்பில் போட்டோம். வெயிலில் வாடிய பாதியில் தங்கை கிணற்றுக்குள்ளிருந்து பாடினார். கேசட்டுக்குள்ளேயே இருந்த பாதி பிழைத்திருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நடையில் நின்ற அருள் அண்ணனின் விரல்கள் கதவில் தாளம் போட்டன. ஒரு தாளம்கூடத் தப்பவில்லை. அக்கா கண்ணைத் திறந்து பார்த்தார். இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள் போலிருந்தது. நான் என் சாதனையை எண்ணிப் பூரித்துக்கொண்டிருக்கையில் அக்கா கேட்டார்: “எங்கடா கெடைச்சது?”

“ராசு மாமா தோட்டத்துல.”

அக்கா முகம் மாறியது. “அம்மா, உங்க மகன் உரக்கடையில வேல பாத்துக்கிட்டு வாரா வாரம் போறது யாரு தோட்டத்துக்குன்னு கேளுங்க.”

“நான் எடுக்கலன்னு உங்க மகளுக்கு எத்தன தடவம்மா சொல்றது?” என்றார் அண்ணன். செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டார். அக்கா பேனா எடுத்து, சாமியாருக்கு எழுத உட்கார்ந்தார். நான் 4.10 பஸ்ஸைப் பிடித்தேன்.

இந்தப் பக்கம் வருபவர்களுக்குச் சில யோசனைகள். சனிக்கிழமை டவுன் பஸ்ஸை நம்ப வேண்டாம், ஒன்றை விட்டால் ஒரு மணி நேரம். தோட்டத்துக்குள் கேட்டுக்கொண்டு நுழையுங்கள், தானாகவே ஒரு கொத்துத் தருவார்கள். பென்சில் ஒன்று பையில் இருக்கட்டும். மாற்றுச் செருப்பும். காணாமல் போன பொருளைக் கண்டுபிடிக்கக் கிளம்புகிறவர்கள், அதை எடுத்தது யார் என்ற கேள்விக்குப் பதிலையும் எடுத்துக்கொண்டு போங்கள். அதுதான் நான் செய்த தப்பு.

ஆமாம் அக்கா. போன மே மாதம் லீவுக்கு வந்திருந்தபோது, ஒரு சாக்குப் பழைய கேசட் கொடுத்தால் ஒரு பெட்டிப் பன்னீர்த் திராட்சை தருவதாக ராசு மாமா சொன்னார். மாடிப்படி அடியில் கிடந்ததெல்லாம் போட்டும் சாக்கு நிறையவில்லை. உங்கள் அலமாரியில் இருந்ததையும் அள்ளிப் போட்டேன். அந்தத் திராட்சையில் ஒரு கொத்தை அருள் அண்ணனும் தின்றார். எங்கேயிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. மஃப்ளர் ஆர்ச்சர்ட் வரலாறும் நீங்கள் கேசட்டை நினைத்துப் புலம்பியபோது சொன்னதுதான். அவர்கள் பாட்டு எதையும் இன்று மத்தியானம் வரை நான் கேட்டதில்லை.

இந்தப் பதிவை உங்களுக்கும் அண்ணனுக்கும் பெரியம்மாவுக்கும் இப்போது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே, அனுப்புகிறேன். சாமியாருக்கு எழுதிய காகிதத்தில் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எனக்கு இப்போதைக்குக் கல்யாணம் இல்லை, ஓலை தாங்கும். மற்ற வாசகர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: மேலே அந்த டிரம்மரைக் கோழை என்று எழுதியிருக்கிறேனே, அந்த வரியை மட்டும் படிக்காமல் தாண்டிவிடுங்கள்.