கணுக்காலைப் பிடித்த கை

என் அக்காவுக்குப் பொய் வராது. சின்னப் பொய் சொன்னாலே காது சிவந்துவிடும். இதைச் சொன்னபோது காது சிவக்கவில்லை, முகம்தான் வெளுத்திருந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அக்கா ஆஸ்பத்திரியில் எலும்பு ஸ்கேன் எடுப்பவள். கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். அது எலும்பில் படிய மூன்று மணி நேரம். பிறகு உடம்பிலிருந்து வரும் கதிரைக் கேமரா படமாக்கும். அன்று வந்தது ஐந்து வயதுப் பெண்குழந்தை, முழங்கால் வலி. பிஞ்சு உடம்பாயிற்றே என்று டாக்டரிடம் மல்லுக்கட்டி மருந்தைக் குறைக்க வைத்தவள் அக்காதான். மருந்து குறைந்தால் படம் புள்ளி புள்ளியாக மங்கும். அதை ஈடுகட்டக் கேமராவை இருமடங்கு நேரம், முப்பது நிமிடம், ஓட்ட வேண்டும். அதுவரை குழந்தை அசையக் கூடாது. அசைந்தால் படம் பாழ். இன்னொரு ஊசி போட வேண்டும். குறைத்த புண்ணியமெல்லாம் போச்சு.

குழந்தையோ ஒரே துறுதுறு. அம்மா நிறைமாதக் கர்ப்பிணி, உள்ளே விட முடியாது. காலைப் பட்டையால் கட்டிவிட்டு, அக்கா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். மதியம் 2.05.

2.11. பட்டை நழுவக் குழந்தை உதைத்தது. அக்கா முதலிலிருந்து தொடங்கினாள்.

2.16. மறுபடி உதை. "அசையாதே கண்ணு!" மைக்கில் கெஞ்சினாள்.

2.17. சட்டென்று அடங்கியது. மூன்றாம் முறை தொடங்கினாள்.

குழந்தை தூங்கவில்லை. இடப்பக்கம் யாரையோ பார்த்துச் சிரித்தது...

திரையில் புள்ளிகள் சேர்ந்தன. முழங்கால் தெரிந்தது. கீழே, கணுக்காலைச் சுற்றி வேறு ஏதோ.

விரல் எலும்புகள். பெரிய ஆளின் கை.

மருந்து சிந்தியிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். கதிர் கூடக்கூட வேகமாக 'டிக்' அடிக்கும் மீட்டரோடு உள்ளே போனாள். ஸ்கேனை நிறுத்த மனம் வரவில்லை.

குழந்தைமேல் பிடித்தாள். டிக்... டிக்... டிக்.

கட்டிலின் இடப்பக்கம் நகர்த்தினாள். அங்கே யாருமில்லை.

டிக்டிக்டிக்டிக்டிக்டிக்...

வெறும் காற்றில். ஓர் ஆள் உயரத்துக்கு.

"தள்ளிக்கோங்க ஆன்ட்டி," என்றது குழந்தை, உதடு மட்டும் அசைய. "பெரியம்மாவை இடிக்கிறீங்க."

ஓட நினைத்தாள். குழந்தையைத் தனியே விட முடியவில்லை.

2.47. கேமரா நின்றது.

மீட்டரும் அடங்கியது.

முழங்கால் படம் துல்லியமாக விழுந்திருந்தது. இன்னொரு ஊசி தேவைப்படவில்லை. அடுத்த நோயாளியை அனுப்பச் சொல்லி வார்டுக்குப் போன் செய்தாள்.

"அந்தம்மா இனி வரமாட்டாங்க மேடம்," என்றாள் நர்ஸ். "காலையில ஊசிக்கு நான்தான் கூட்டிட்டு வந்தேன். பெரியவங்கன்னு முழு டோஸ் ஏத்துனாங்க. பக்கத்துல ஒரு குட்டிப்பொண்ணு ஊசிக்குப் பயந்து ஒரே அழுகை. 'படம் எடுக்கும்போது பெரியம்மா வந்து பிடிச்சுக்கறேன், அழாதே'ன்னு இவங்கதான் சமாதானம் பண்ணாங்க."

"இப்ப எங்கே?"

"ஒண்ணு பத்துக்கே உயிர் போயிடுச்சு மேடம்."