செல்லாத வேண்டுதல்

தேர்தல் முடிவு வந்த மறுநாள், ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் நகரியில் சலூன்தான் சட்டசபை. நாலு பேர் வாதாட, ஐந்தாவது ஆள் கத்தரி பிடித்தபடியே தீர்ப்புச் சொல்வான். போன தேர்தலுக்கு நானும் போய் உட்கார்ந்தேன். "யாரு வந்தா இன்னாண்ணா, கரண்டு போவுற நேரத்துக்குப் போய்க்கினுதானே கீது" என்றான் கடைக்காரன். பிறகு என் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "இதுல எதைண்ணா வெட்டறது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் இதே தலையில் ஒரு காலத்தில் சுருட்டை முடி அடை அடையாக இருந்தது. அதைக் காப்பாற்ற ஒரு தேர்தல் சமயத்தில் நான் பட்ட பாட்டை எந்த வேட்பாளரும் பட்டிருக்க மாட்டார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டில் நைனா ஒரு கட்சி. இரண்டு வீடு தள்ளியிருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எதிர்க் கட்சி. இருவரும் தறிக்காரர்கள். தேர்தல் அறிவித்த நாளோடு பேச்சு நின்றுபோனது. பேச வேண்டியதையெல்லாம் என் வழியாகப் பேசினார்கள். "உன் மாமன்கிட்ட சொல்லு, எங்க வூட்டுச் சுவத்துல அவன் சின்னம் வரைஞ்சா தெரியும் சேதி." "உன் நைனாகிட்ட சொல்லு, அந்தச் சுவத்துல வரைஞ்சா விழற ஓட்டும் விழாது."

நான் இரு தரப்புக்கும் நம்பிக்கையானவனாக இருந்தேன். நைனாவிடம், "நம்ம கட்சி ஜெயிச்சா திருப்பதி மலையில மொட்டை போட்டுக்கறேன் நைனா" என்றேன். ஒரு காகிதத் தொப்பி கிடைத்தது. மறுநாள் மாமாவிடம் போய் அதையே சொன்னேன். ஒரு விசிலும் பனியனும் கிடைத்தன. போட்டியில் இருப்பது இரண்டே கட்சி, எது ஜெயித்தாலும் போகப்போவது என் முடி என்ற சங்கதி, ஓட்டுப் பெட்டிகள் சித்தூருக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூட நாடகத்தில் எனக்குக் கிருஷ்ணன் வேஷம். அதையும் டீச்சர் என் நடிப்பைப் பார்த்துக் கொடுக்கவில்லை, சுருட்டை முடியைப் பார்த்துத்தான் கொடுத்திருந்தாள்.

இதற்கு நடுவில் அம்மா திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றில் ஆபரேஷன், அதற்கப்புறம் விடாத காய்ச்சல். "சும்மா வயித்து வலிடா, அம்மா நாலு நாள்ல வந்துடும்" என்றார் நைனா. நாலு நாள் பதினைந்து நாளாயிற்று. பெண்கள் வார்டு என்பதால் மாமாவின் மனைவி, என் அத்தை, கூடவே தங்கியிருந்தாள். நைனாவும் மாமாவும் ஒருவர் மாற்றி ஒருவர் போய் வந்தார்கள். ஒரே பஸ்ஸில் மட்டும் ஏறவில்லை. எனக்குப் பக்கத்து வீட்டில் சோறு. நான் அம்மாவைப் பற்றிக் கவலைப்படவில்லை. சொன்னதை நம்புகிற வயது. தவிர, கவலைப்பட எனக்கு என் முடி இருந்தது.

முடிவு வந்தது. நைனா கட்சி ஜெயித்துவிட்டதாக ரேடியோ சொன்னது. தெருவில் பட்டாசு. மாமா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. "மூஞ்சியைக் காட்ட வெக்கப்பட்டுக்கினு பாகாலாவுல சொந்தக்காரங்க வூட்டுக்கு ஓடிட்டான்" என்று தெரு முடிவு கட்டியது. ஒரே சாமியிடம் இரண்டு கட்சிக்கும் வேண்டிக்கொண்டவன் நான். மாமா தோற்றது என்னால்தான் என்று தோன்றியது.

சாயங்காலம் நைனா திருப்பதியிலிருந்து வந்து இறங்கினார். கட்சிக்காரர்கள் போட்ட மாலையைக் கழற்றக்கூட மறந்து உள்ளே வந்து உட்கார்ந்தார். "காலையில கிளம்பணும். அம்மா உன்னைப் பார்க்கணும்னு சொல்லிக்கினே கீது. மலைக்குப் போய் மொட்டை போட்டுட்டு அங்க போலாம்" என்றார். அதில் மொட்டை என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

பஸ் புத்தூர் தாண்டும்போது எனக்கு வாந்தி வருவதாகச் சொன்னேன். ரேணிகுண்டாவில் தலைச்சுற்றல். வழக்கமாக இதற்கெல்லாம் நைனா ஓர் அறை வைத்திருப்பார். அன்று என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அது இன்னும் பயமாக இருந்தது.

முன் சீட்டில் இருந்த எங்கள் ஊர்க்காரர் திரும்பி, "இன்னாண்ணா, ஜெயிச்சிட்டீங்க, ஸ்வீட்டு எங்க?" என்றார்.

"கவர்மெண்டு மாறினா ஆஸ்பத்திரிக்கு நல்ல டாக்டருங்க வருவாங்களாப்பா?" என்று கேட்டார் நைனா.

"டாக்டருங்களா? போர்டுல பேரை மாத்துவாங்கண்ணா."



மலையில் மொட்டை போடும் மண்டபத்துக்குள், டோக்கனும் பிளேடுமாக நுழைந்தோம். எதிரே சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு மாமா வந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. ஜெயித்தவருக்கு மொட்டை என்றால் வேண்டுதல். தோற்றவருக்கும் மொட்டை என்றால் அது தண்டனையாகத்தானே இருக்க வேண்டும்? நான் செய்த தப்புக்கு மாமாவைப் பிடித்து மழித்துவிட்டார்கள். அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து தொப்பி, விசில், பனியன், இரண்டு வேண்டுதல் எல்லாவற்றையும் அழுதுகொண்டே கக்கிவிட்டேன்.

இருவரும் என்னைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒன்றரை மாதத்தில் முதல் முறையாக, நடுவில் நான் இல்லாமல் பேசிக்கொண்டார்கள்.

"எப்ப வந்தே மச்சான்?" என்று கேட்டார் நைனா.

"கொஞ்சம் முன்னாடிதான், மாமா. விடிகாலையில அக்காவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு. எழுந்து உக்காந்து கஞ்சி குடிச்சுது. இனிமே பயமில்லைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அதான் நேரா மேல ஏறிட்டேன்."

நைனா பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் தலை போகிற விஷயம் சொல்லி அழுகிறேன், இவர்கள் கஞ்சியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

கடைசியில் மாமாதான் குனிந்து கேட்டார். "டேய், ரெண்டு சின்னத்துலயும் முத்திரை குத்தினா அது இன்னா ஓட்டு?"

"செல்லாத ஓட்டு."

"உன் வேண்டுதலும் அதான். தள்ளுபடி. ஏந்திரி."

"இவனுக்கு ரெண்டு கட்சியிலயும் சீட்டு குடுப்பாங்க மச்சான்" என்றார் நைனா. சொல்லிவிட்டு மேல்துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு நாவிதர் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தார். என் தலையில் சம்பிரதாயத்துக்கு மூன்று கத்தரி வைத்து விட்டுவிட்டார்கள். கிருஷ்ணன் பிழைத்தான்.

மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் கீழே இறங்கினோம். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், பாதி ஆளாக இருந்தாள். வாசலில் இரண்டு மொட்டைகளைச் சேர்ந்தாற்போல் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மாமாவைக் கிட்டே கூப்பிட்டு அந்தச் சந்தனத் தலையில் கையை வைத்தவள், அழத் தொடங்கிவிட்டாள். தம்பி கட்சி தோற்ற துக்கம் என்று எனக்குப் பட்டது.

"அழாதம்மா" என்றேன். "அடுத்த வாட்டி மாமா கட்சிதான் ஜெயிக்கும். நான் அதுக்கு மட்டும் வேண்டிக்கறேன்."

பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடச் சிரித்தார்கள். நைனா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி, தோள் குலுங்க, தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். ஜெயித்த கட்சிக்காரர் எதற்கு இப்படி நிற்கிறார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.