நான் நடக்காத வாய்க்கால் கரை

நான் நடக்கவில்லை. ஒரே ஒரு நாள்கூட நடக்கவில்லை! நடந்தேன், உண்டேன், மனம் தெளிந்தேன் என்று ஓராண்டுக்கும் மேலாக என் மகளிடம் சொல்லிவந்தது அத்தனையும் பொய்.

இதை உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். அவளிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் உண்மை பேசுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பாருங்கள்!

பல்லடம் பக்கம் எனக்கு ஒரு சிறிய விசைத்தறிக் கூடம் உண்டு. மனைவி காலமான பின் நான் ஒடுங்கிப்போனேன். துக்கம் என்றால் அழுகை வரவேண்டும் அல்லவா? எனக்கு அதுவும் வரவில்லை. குளிப்பதே பெரிய வேலையாகத் தெரிந்தது. சோறு வடிப்பதற்குள் பசி போய்விடும். வேலையாட்கள் வருவார்கள், தறி ஓடும், நான் நாற்காலியில் கிடப்பேன்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் ஒரே மகள் பிருந்தா விடுப்பெடுத்து வந்து, கோவையில் ஒரு மனநல மருத்துவரிடம் என்னை அழைத்துப்போனாள். அவர் மாத்திரையோடு சில பழக்கங்களையும் சொன்னார். காலை வெயிலில் நடக்க வேண்டும். உட்கார்ந்து, சூடாக, ருசித்துச் சாப்பிட வேண்டும். அடுத்தவருக்குச் சொல்வதுபோல் எனக்கு நானே தினம் ஒரு நல்ல வார்த்தை சொல்லிக்கொள்ள வேண்டும்.

"மொதல்ல உங்கள நீங்க பாத்துக்கோணுமுங்க" என்றார்.

தலையாட்டினேன். தறிக்கு எண்ணெய் விடாமல் ஒரு நாளும் இருந்ததில்லை நான். என்னை நானே பார்த்துக்கொள்வது மட்டும் ஏதோ பணக்கார வீட்டுச் சொகுசுபோல் கூச்சமாக இருந்தது. யாருக்காக? எனக்காகவா!... ஒரு நாள் கண்ணாடி முன் நின்று அந்த நல்ல வார்த்தையைச் சொல்லிப் பார்க்கவும் செய்தேன். எதிரே நின்ற ஆளைப் பார்க்கப் பிடிக்காமல் வந்துவிட்டேன்.

பிருந்தா விடவில்லை. வெள்ளை நிறத்தில் ஷூ வாங்கித் தந்தாள். காலடிகளை எண்ணித் தன் செல்போனுக்கே அனுப்பிவிடும் கைக்கடிகாரம் ஒன்றையும் என் மணிக்கட்டில் கட்டினாள். தினமும் காலையில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு பெங்களூர் திரும்பினாள்.

மறுநாள் ஷூவை மாட்டினேன். கயிற்றைக் கட்டினேன்... அவிழ்த்தேன். பிறகு கடிகாரத்தைக் கழற்றி, தறியில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும் சட்டத்தில் அரைமணி நேரம் கட்டிவைத்தேன். தினமும் அப்படியே செய்தேன்.

எனக்குப் பதில் தறி நடந்தது! அங்கே என் மகள் போனில் துள்ளினாள்! "அப்பா, கலக்கறீங்க போங்க! எனக்கே பொறாமையா இருக்குதுங்க!" என்றாள். பொய் சொல்வது இவ்வளவு லேசானதா என்று எனக்கே வியப்பாக இருந்தது.

அப்புறம் அந்த வாய்ஸ் மெசேஜ்கள்... கட்டிலில் படுத்தபடியே பேசுவேன்.

"வாய்க்கா மேட்டுல நடந்துபோட்டு வந்தேன் கண்ணு. தண்ணி நெறையப் போகுது. கொக்கெல்லாம் வந்து உக்காந்திருந்துது. மனசு லேசாயிருச்சு."

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவர்கூட, பார்க்க வந்தவரிடம் "வாங்க, நல்லாருக்கறேனுங்க" என்றுதான் சொல்வார். அடுத்தவர் மனம் வருந்தக் கூடாது என்ற மரியாதை அது. நான் செய்வதும் அந்த மரியாதைதான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். மரியாதையாம், மரியாதை!... அது நோயா, சோம்பலா, கோழைத்தனமா? இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இந்தப் பங்குனியில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள் பிருந்தா. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தலை வாரியிருக்கவில்லை. தோள் பையைக்கூட இறக்காமல் நாற்காலியில் அமர்ந்துவிட்டாள். அந்த இருப்பை நான் அறிவேன். நானும் அப்படித்தான் உட்கார்வேன்.

"என்ன சாமி, ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்கப்பா. எந்திரிக்கவே முடியறதில்லீங்க. எதுக்கு இருக்கறோம்னே தோணுது. ரொம்ப நாளா இப்படித்தான்..." கையிலிருந்த செல்போனைக் காட்டினாள். "நீங்க பேசி அனுப்பறதத் திருப்பித் திருப்பிக் கேட்டுத்தான் எந்திரிக்கறேன். எங்கப்பாவே மீண்டு வந்துட்டாரு, நம்மளாலயும் முடியும்னு..."

அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். நானும் மீளவில்லை சாமி, வா, இரண்டு பேரும் அந்த மருத்துவரிடமே போவோம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன்...

"எல்லாஞ் சரியாப் போயிரும் கண்ணு" என்றேன்.

மறுநாள் காலை, "அந்த வாய்க்கா மேட்டுக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்கப்பா" என்று கேட்டாள். அவள் கண்ணில் சின்னதாக ஓர் ஆசை தெரிந்தது. எப்படி மறுப்பேன்? போனோம்.

வாய்க்காலில் தண்ணீர் இல்லை! அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. புல்லும் பூண்டும் காய்ந்து, வாய்க்காலுக்குள்ளேயே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. முந்தின வாரம்கூடத் தண்ணீர், கொக்கு என்று அளந்துவிட்டிருந்தேன். அங்கே போயிருந்தால் அல்லவா தெரிந்திருக்கும்!

"ஏனுங்க, தண்ணி எப்பங்க நிறுத்துனாங்க?" ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் பிருந்தா கேட்டாள்.

"அது ஆச்சுங்க அம்மணி, மாசக்கணக்கா. பொங்கலுக்கு முன்னயே நிறுத்திப்போட்டாங்க."

பிருந்தா வாய்க்காலைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். அவள் வாங்கித் தந்த ஷூ, கடையில் பார்த்த அதே வெள்ளையில் இருந்தது.

கேட்டிருக்கலாம்! திட்டியிருக்கலாம்! கையிலிருந்த செல்போனை என்மேல் விட்டெறிந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அவள் என் பெண் அல்லவா... அந்தப் பாழும் மரியாதை அவளுக்கும் இருந்தது.

"வெயில் ஏறுதுங்கப்பா. ஊட்டுக்குப் போலாமுங்க" என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் பேச நேரம் இருந்தது. பேசவில்லை. அன்று மாலையே ஊருக்குக் கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட்டபோதும் பேசவில்லை. ஏன்? நானும் உன்னைப் போலத்தான் கிடக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தான் தனி ஆள் இல்லை என்ற ஆறுதலாவது அவளுக்குக் கிடைத்திருக்குமே! என்னை நேசிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. பெற்ற மகளையாவது ஒழுங்காக நேசிக்கத் தெரிந்திருக்க வேண்டாமா?

அதன்பின் நான் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதில்லை. இப்போது அவள்தான் அனுப்புகிறாள்.

"நல்லாருக்கறேனுங்கப்பா. காத்தால எந்திரிச்சுப் பார்க்குல நடந்துபோட்டு வந்தேன். சூடா தோசை சாப்ட்டேன். மனசு லேசா இருக்குதுங்க."

படுத்துக்கொண்டு பேசுகிறாள். தலையணையில் முகம் அழுந்தியிருக்கும்போது குரல் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும்... என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்!

உடனே பஸ் ஏறிப் போய் அவள் கதவைத் தட்ட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். எழுந்து குளித்தால் அல்லவா போவதற்கு! இன்று காலையும் அவள் குரல் வந்தது. முழுவதும் கேட்டேன். கட்டிலில் கிடந்தபடியே, "ரொம்பச் சந்தோசம் கண்ணு" என்று பதில் அனுப்பினேன்.