தம்பியின் உயரம்

எனக்கு எழுபத்துநாலு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஒருவரையும் சுவரோடு நிறுத்தி உயரம் பார்க்க விட்டதில்லை. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. ஆனாலும் இதை என் கையால்தான் எழுதுகிறேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது வல்வெட்டித்துறைக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்து வாசிகசாலையில் தங்கினார். வன்னிக் காட்டு வேடர்களைப் பற்றி எழுதி முடித்துவிட்டு, இந்தக் கரையின் ஆதிக்குடிகள் யார் என்று எழுத வந்தவர். புத்தகத் தமிழ் பேசுவார். வீடு வீடாக ஆட்களின் தலையையும் உயரத்தையும் அளந்து, ஆளுக்கொரு தாளில் தமிழிலேயே பெயரெழுதிக் கொப்பியில் குறித்தார்.

“நாங்கள் கப்பலோட்டின சனம். எங்களை அளந்து என்னத்தைக் காணப்போறியள்?” என்றார் அப்பா. அளக்கும்போது மட்டும் நன்றாக நிமிர்ந்து நின்றார்.

அம்மா சம்மதிக்கவில்லை. எங்கள் ஊரில் ஆளின் நீளத்தை அளப்பது சவப்பெட்டிக்குத்தான். அம்மா கிணற்றடிக்குப் போன நேரம், நாலு வயதுத் தம்பியைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தியவள் நான். நாடாவின் நுனியை அவன் குதிக்காலில் பிடித்ததும் நான். ஆளுக்கொரு இனிப்பு டொபி கிடைத்தது.

அடுத்த கிழமை தம்பிக்கு நெருப்புக்காய்ச்சல். அளந்த கதை அம்மாவின் காதுக்கும் எட்டிவிட்டது.

“ஆரடி பிள்ளையை அளக்க விட்டது?”

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன். அம்மா சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்தார். நான் வெள்ளைக்காரர் குளிக்கப் போன நேரம் வாசிகசாலைக்குள் புகுந்து, தம்பியின் பெயரை எழுத்துக்கூட்டிக் கண்டுபிடித்து, கொப்பியிலிருந்து அந்த ஒற்றையைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அளவு எரிந்தால் பிள்ளை தப்பும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் தம்பி செத்துப்போனான். சின்னப் பிள்ளை என்று பெட்டி செய்யவில்லை. துணியில் சுற்றிப் புதைத்தார்கள்.

முப்பத்தோராம் நாள் கிரியை கழிந்தபின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வாசிகசாலைக்குப் போனார்.

“துரை, அவனுக்கு ஒரு படமும் இல்லை. என்ரை பிள்ளையின்ரை உயரம் உங்கடை கொப்பியிலை கிடக்கு. சொல்லுங்கோ, சுவரிலை ஒரு கோடு போட்டு வைக்கப்போறன்.”

அவர் ஒற்றைகளைப் புரட்டினார். கிழிந்த விளிம்பில் விரல் நின்றது. என்னைப் பார்த்தார்.

“மன்னியுங்கள் அம்மா. அந்தத் தாளை நான் தொலைத்துவிட்டேன்.”

“ஒரு பிள்ளையை வைச்சிருக்கத் தெரியாத உனக்கு என்னத்துக்கடாப்பா கொப்பி?”

அம்மா போட்ட சத்தத்தில் ஊரே கூடியது. அடுத்த நாள் வெள்ளைக்காரர் பெட்டி படுக்கையோடு போய்விட்டார். நான் தப்பிவிட்டேன் என்று சந்தோசப்பட்டேன். அவர் ஏன் பொய் சொன்னார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

சாகும்வரை அம்மா அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே சுவரில் கையை வைத்துப் பார்ப்பார். கை ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் நிற்கும்.

எழுதி முடித்த கையோடு பேத்தியைக் கூப்பிட்டேன். “இதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு பிள்ளை. கிழிச்சது நான்தான் எண்டது பிழையில்லாமல் விழுந்திருக்கோ பார்.”